மலைப் பள்ளியில் ஜூனில் தொடங்கும் செய்தி மடல்: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

ஜூன் பிறந்து பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேடு, பாடநூல் விநியோகம், கால அட்டவணை என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்தவர் தலையில் ஒரு வேலை விழும். “சார், உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்தானே? நம்ம ஸ்கூல் செய்தி மடலை நீங்களே பார்த்துக்கோங்க.” எச்.எம். இப்படிச் சொன்ன பிறகு தப்பிக்க வழியில்லை. மாறுதல் கலந்தாய்வில் கூடலூரையோ கோத்தகிரியையோ எடுத்துக்கொண்டு சமவெளியிலிருந்து மேலே வந்திருப்பவருக்கு ஊரும் தெரியாது, பிள்ளைகளின் பெயரும் தெரியாது. நான்கு பக்க மடலில் போட யாருடைய சாதனையை எங்கே போய்க் கேட்பது? அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீலகிரியின் அரசுப் பள்ளிகளையும் உதவிபெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்துச் சொல்கிறேன். கொடைக்கானல் பக்கம் பண்ணைக்காடு, மன்னவனூரில் வேலை பார்ப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: இந்த மடலைப் படிக்கப்போவது யார்? என்னைக் கேட்டால், பள்ளிக்கு வர முடியாத பெற்றோர். எஸ்டேட்டில் இலை பறிக்கும் அம்மா பள்ளிக்கூடம் வரை வந்துபோனால் அரை நாள் கூலி போய்விடும். பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்ற ஊர்களும் உண்டு. தன் பிள்ளை படிக்கும் பள்ளியில் என்ன நடக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள இந்த நான்கு பக்கம்தான் வழி. கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கை மாதிரி எழுதினால் அவர் முதல் பத்தியிலேயே மடித்து வைத்துவிடுவார்.

தேதி

ஜூலை 15-ஐக் குறி வையுங்கள். காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். எப்படியும் பள்ளியில் விழா நடக்கும், பேச்சுப் போட்டி நடக்கும், பெற்றோர் சிலராவது வருவார்கள். மடலை அன்றைக்கே கையில் கொடுத்துவிடலாம்.

ஜூன் நடுவில் தொடங்கினால் ஒரு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. பள்ளி திறக்கும் நேரமும் தென்மேற்குப் பருவமழை இறங்கும் நேரமும் ஒன்று. கூடலூர், பந்தலூர் வட்டங்களில், அதிலும் தேவாலா பக்கம், ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் மழை விட்டுத் தொலைக்காது. ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் வட்டத்துக்கு வட்டம் மாறும்: ஊட்டியில் பள்ளி உண்டு, கூடலூரில் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதை இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆகவே ஜூலை முதல் வாரத்துக்குள் எழுத்து வேலை முடிந்துவிட வேண்டும். மிச்ச நாட்கள் மழைக்கு.

செய்தி சேகரிப்பு

சுற்றறிக்கை விட்டு, ‘உங்கள் வகுப்புச் சாதனைகளை எழுதித் தரவும்’ என்று கேட்டால் இரண்டு பேர் தருவார்கள். மற்றவர்களுக்கு நேரமும் இல்லை, எதைச் சாதனை என்று எழுதுவது என்ற தயக்கமும் உண்டு. நீங்கள்தான் நடக்க வேண்டும்.

முதலில் அலுவலகம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மே மாதமே வந்திருக்கும். பட்டியல் அங்கே இருக்கும். அதோடு சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்த விவரத்தையும் பாருங்கள். யார் புதிதாக வந்தார்கள், யார் எங்கே போனார்கள் என்பது அதில் இருக்கிறது. போன வருடம் நடுவில் நின்றுபோன பையன் இந்த ஜூனில் திரும்பி வந்து ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், என் கணக்கில் அது மாவட்ட அளவுப் பரிசைவிடப் பெரிய செய்தி. பெயர் போட்டு எழுதக்கூடாது, அது வேறு விஷயம். ‘இடைநின்ற மாணவர்கள் திரும்பி வந்துள்ளனர்’ என்று ஒரு வரி எழுதலாம். இன்னொரு வீட்டில் நின்றுபோயிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வரி போய்ச் சேரும்.

அடுத்து உடற்கல்வி ஆசிரியர், அதாவது பி.டி. சார். அவர் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், அதற்குள் சான்றிதழ்கள். மலை ஈரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஒரு சான்றிதழின் முத்திரை அடுத்ததன் முதுகில் பதிந்து வரும். வெயில் அடிக்கும் ஒரு மதியம் பார்த்து, ஸ்டாஃப் ரூம் மேஜையில் பரப்பிவைத்து, நிதானமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நூலகப் பொறுப்பாசிரியர், சாரணர், ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர்கள், கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனவர். சத்துணவு அமைப்பாளரை விட்டுவிடாதீர்கள். எந்தப் பிள்ளை எந்த எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து நடந்து வருகிறது, யாருடைய அக்கா காலேஜ் சேர்ந்தாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், உள்ளூர்க்காரர்.

பள்ளிக்கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ இதழில் உங்கள் மாணவர் யாராவது எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்கான இதழ் அது. பெயர் அச்சில் வந்தும் வீட்டில் சொல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரிபார்த்தல்

இந்த வேலையில் மானம் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விளையாட்டில் பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டம், அதற்கு மேல் மாவட்டம், மாநிலம் என்று படிகள் இருக்கின்றன. குறுவட்டத்தில் இரண்டாம் இடம் வாங்கியதை ‘மாவட்ட அளவில் சாதனை’ என்று எழுதினால், முதலிடம் வாங்கிய பக்கத்துப் பள்ளிக்காரர் சிரிப்பார். அதைவிட, அந்த மாணவனே கூசிப்போவான். சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். பங்கேற்புச் சான்றிதழை வெற்றிச் சான்றிதழாக்காதீர்கள். குழுப் போட்டி என்றால் குழுவின் எல்லாப் பெயரும் வரவேண்டும். கால்பந்தில் கோல் போட்டவன் பெயர் மட்டும் வந்து கோல்கீப்பர் பெயர் விட்டுப்போனால் ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

‘முதல்’ என்ற சொல்லிடம் ஜாக்கிரதை. ‘இந்த ஊரிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் முதல் மாணவி’, ‘இப்பழங்குடியிலிருந்து முதல் பொறியாளர்’ என்றெல்லாம் எழுதக் கை துறுதுறுக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. உங்களுக்கு முன்பே யாரோ ஒரு அக்கா படித்து முடித்துக் கோவையில் வேலையில் இருப்பார். ஊர்ப் பெரியவர் இருவரிடம் கேட்டு உறுதியானால் மட்டும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், செய்தி ஒன்றும் குறைந்துபோகாது.

பெயர். வருகைப் பதிவேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பிள்ளை எழுதுவது ஒரு மாதிரி இருக்கும். பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இனிஷியலோடு. டி.டி.பி. கடையில் யுனிகோடு எழுத்தைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ‘கௌசல்யா’ என்ற பெயரில் ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ளகரம் வந்து குந்திக்கொள்ளும். மெய்ப்புப் பார்க்கும்போது கட்டுரையை விட்டாலும் விடுங்கள், பெயர்ப் பட்டியலைப் பிள்ளைகள் எழுதித் தந்த தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

மதிப்பெண்

‘பள்ளி முதல் மூவர்’ என்று வட்டப் படம் போட்டு, தலைக்குப் பின்னால் சூரியக் கதிர் விடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. அங்கே நிறுத்தியதை நாம் ஏன் ஒரு பள்ளிக்குள் தூக்கிப் பிடிக்க வேண்டும்? அறுநூறுக்கு 560 வாங்கியவரைப் பாராட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. பாராட்டுங்கள். ஆனால் தேறிய எல்லாப் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவர்களைப் பாடவாரியாகத் தனியாகச் சொல்லலாம். துணைத்தேர்வு எழுதுபவர்களின் பெயர் எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. அவர்களுக்கு உதவி யாரிடம் கிடைக்கும் என்ற தகவல் மட்டும் வரட்டும்.

பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்பது. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, கூடலூர் அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., நர்சிங், கோவைக் கல்லூரிகள் என்று ஒரு சிறு அட்டவணை போடுங்கள். பத்தாம் வகுப்புப் பெற்றோர் அதைத்தான் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்பதை அந்த அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடக்கும்போது அந்த வரிக்கு மதிப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை: ஜூலை நடுவில் பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுகள் முடிந்திருக்காது. இடம் கிடைத்துவிடும் என்று எல்லாரும் சொன்னாலும், பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகே ‘சேர்ந்திருக்கிறார்’ என்று எழுத வேண்டும். அடுத்த மடல் இருக்கிறது, அவசரமில்லை.

பிள்ளையோடு பேசுதல்

சான்றிதழில் இருப்பது முடிவு மட்டும்தான். பெற்றோர் படிக்க விரும்புவது அதற்கு முன்னால் நடந்ததை. சாதித்த பிள்ளையைக் கூப்பிட்டு ‘எப்படி உணர்கிறாய்?’ என்று கேட்காதீர்கள். ‘ரொம்ப சந்தோஷமா இருக்கு சார்’ என்பதற்கு மேல் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாய்? யாரோடு வந்தாய்? எங்கே பயிற்சி எடுத்தாய், மழை வந்தால் என்ன செய்தாய்? பரிசு வாங்கியதை வீட்டில் முதலில் யாரிடம் சொன்னாய்?

யானை நடமாட்டம் உள்ள பாதையாதலால் விடிந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது, அதனால் போட்டிக்குக் கடைசி நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு பிள்ளை சர்வ சாதாரணமாகச் சொல்லும். நம் ஊர்ச் செய்தி அதுதான். அதை வீரகதையாக்காமல் அவள் சொன்ன மாதிரியே இரண்டு வரியில் எழுதினால் போதும்.

எழுதுவது எப்படி என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். வழக்கமாக வருவது இது:

‘கல்வித் தாயின் மணிமகுடத்தில் மேலும் ஒரு மாணிக்கம்! தேசியத் தேர்வில் முத்திரை பதித்து நம் பள்ளிக்குப் பெருமை சேர்த்த மாணவச் செல்வங்களுக்கு வாழ்த்துகள்!’

என்ன தேர்வு, எந்த வகுப்பு, என்ன கிடைக்கும் என்று ஒன்றும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

‘எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் நம் பள்ளியிலிருந்து மூன்று பேர் தேர்வாகியுள்ளனர். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய், இவர்களின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் நின்றுவிடும். மூவரும் சனிக்கிழமைகளில் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தவர்கள். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் கணித ஆசிரியரிடம் இப்போதே பெயர் கொடுக்கலாம்.’

பாராட்டும் இருக்கிறது, அடுத்த பிள்ளைக்கு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு செய்தியின் கடைசி வரியிலும் ‘அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது’ என்று ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால் மடல் தானாகவே உருப்படியாகிவிடும். ஊரகத் திறனாய்வுத் தேர்வு, பதினொன்றாம் வகுப்பினருக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, மாணவர்களின் அறிவியல் யோசனைகளுக்கான இன்ஸ்பயர் விருது எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

‘செல்வங்கள்’, ‘சிங்கங்கள்’, ‘வீராங்கனை’ எல்லாம் வேண்டாம். மடலுக்குக் ‘குறிஞ்சி’ என்று பெயர் வைப்பதையும் தவிர்க்கலாம். மலையில் பாதி கட்டடங்களுக்கு அதுதான் பெயர்.

அனுமதியும் படமும்

பெயரும் படமும் போடும் முன் பெற்றோரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் ஊர் சிறியது. ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயரும் அப்பாவின் பெயரும் போட்டால் யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். பெயர், வகுப்பு போதும். பள்ளி திறக்கும்போது எப்படியும் பெற்றோரிடம் பல படிவங்களில் கையெழுத்து வாங்குகிறீர்கள், இதையும் சேர்த்து வாங்கிவிட்டால் தனியாக அலைய வேண்டியதில்லை.

வறுமையை எழுதாதீர்கள். ‘கூலித் தொழிலாளியின் மகள்’ என்ற தலைப்பு வெளியாருக்கு உருக்கமாக இருக்கலாம். அந்த மகள் மறுநாள் அதே வகுப்பில் உட்கார வேண்டும். அப்பா அம்மாவின் தொழிலை அவளே சொல்லி, எழுதலாம் என்றும் சொன்னால் எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது எல்லாரும் சீருடையில் நிற்க, ஒரு தோடர் மாணவியை மட்டும் தோடர்களின் பூவேலைச் சால்வையான பூத்துக்குளியைப் போர்த்தி நிற்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். விழாவுக்கு அவளாகப் போர்த்திக்கொண்டு வந்தால் அது அவள் விருப்பம்.

மூடுபனியில் வெளியே எடுத்த படம் ஜெராக்ஸில் சாம்பல் பூசியது போலத்தான் வரும். ஜன்னலோரம் நிற்கவைத்து, முகத்தில் வெளிச்சம் படும்படி எடுங்கள். சிறப்பு விருந்தினர் நடுவில் நிற்கப் பிள்ளைகள் ஓரத்தில் வெட்டுப்படும் படம் மட்டும் வேண்டாம்.

கடைசிப் பக்கம்

சாதனைகளை மூன்று பக்கத்தில் முடித்துக்கொண்டு நாலாவது பக்கத்தைத் தகவலுக்கு விடுங்கள். புதிய பஸ் நேரம், பஸ் பாஸ், சாதிச் சான்றும் வருமானச் சான்றும் எப்போதைக்குள் தேவை, மழை விடுமுறையை எங்கே உறுதிப்படுத்திக்கொள்வது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது, புதிதாக வந்த ஆசிரியர்கள் எந்தப் பாடம். உங்கள் பெயரும் அதில் வரும். இரண்டு சொல்லுக்கு மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். பேட்டரி டார்ச், குடை, மாற்றுச் சாக்ஸ் கொடுத்து அனுப்புங்கள் என்று பெற்றோருக்கு ஒரு வரி. இந்தப் பக்கத்துக்காகவே மடல் பல வீடுகளில் சுவரில் தொங்கும்.

அச்சு, ஒட்டுதல், வாசித்துக்காட்டுதல்

ஏ3 தாளை மடித்து நான்கு பக்கம், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அவ்வளவுதான். வீட்டு இங்க்ஜெட் பிரின்டர் வேண்டாம், ஈரம் பட்டால் மை கசியும். ஃப்ளெக்ஸும் வேண்டாம். பிளாஸ்டிக்கை ஒழிக்க இத்தனை வருடமாகப் போராடும் மாவட்டத்தில் பள்ளியே பிளாஸ்டிக் துணியைக் கட்டித் தொங்கவிடுவது நன்றாக இருக்காது.

பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் பாதி பைக்குள்ளேயே நனைந்து கூழாகும். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூடுதலாகப் பத்துப் பிரதிகளைப் பெற்றோர் நிற்கும் இடங்களில் ஒட்டுங்கள்: இலை எடை போடும் கொட்டகை, ரேஷன் கடை, டீக்கடை, பஸ் நிறுத்தம். எஸ்டேட்டுக்குள் ஒட்டுவதானால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மறுக்க மாட்டார்கள், ஆனால் கேட்காமல் ஒட்டினால் கிழிப்பார்கள்.

எல்லாப் பெற்றோரும் தமிழ் படிப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கூடலூர், பந்தலூரில் வீட்டில் மலையாளம் பேசுபவர்கள் ஏராளம். குன்னூர், கோத்தகிரி ஹட்டிகளில் படுகு. பணியர் குடியிருப்புகளில் பணிய மொழி. தமிழ் எழுதப் படிக்க வராத பாட்டிகள்தான் பல வீடுகளில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பி விடுகிறார்கள். அந்தந்த மொழி பேசும் மேல்வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்து, மடலின் முக்கியச் செய்திகளை மூன்று நிமிடம் பேசவைத்துப் பதிவுசெய்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். டவர் கிடைக்காத குடியிருப்புகளுக்கு அந்தப் பிள்ளைகளே போய் வாசித்துக்காட்டுவார்கள். கேட்டால் செய்வார்கள், அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. படுகில் வாசிக்கும்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் சொந்தக் கருத்தையும் நடுவில் சேர்ப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியான பிறகு

மறுநாளே யாராவது வந்து, ‘என் பேரு விட்டுப்போச்சு டீச்சர்’ என்று நிற்பார்கள். நோட்டில் குறித்துக்கொண்டு, அன்றைக்கோ மறுநாளோ காலை வழிபாட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்துவிடுங்கள். அடுத்த மடலில் முதல் பக்கத்திலேயே திருத்தம் வரட்டும், கடைசிப் பக்க மூலையில் வேண்டாம்.

இரண்டு பிரதி நூலகத்துக்கு, ஒன்று அலுவலகக் கோப்புக்கு. கோப்பைச் சுவரை ஒட்டிய பீரோவில் வைத்தால் ஆகஸ்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதனால் பி.டி.எஃப். ஒன்றைப் பள்ளி மின்னஞ்சலிலேயே போட்டுவையுங்கள், உங்கள் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். அடுத்த கலந்தாய்வில் நீங்கள் கீழே இறங்கிப் போய்விட்டால் வருகிறவருக்குக் கிடைக்க வேண்டுமே.

அடுத்த மடல் காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்ததும். அதற்குள் குறுவட்டப் போட்டிகள் நடந்திருக்கும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, கவருக்குள் போகும் முன்பே, போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி பி.டி. சாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.